அடம்பிடிக்கும் பூனைக்குப் பச்சைக் கறி

வாழைப்பழமும் மசித்த உருளைக்கிழங்கும் தின்னும்படி சில தாய்ப்பூனைகளைப் பழக்கினார் வாண்டா விர்விக்கா என்ற ஆய்வாளர். 1978-இல் வெளியான அந்த ஆய்வில் வியப்பூட்டியவை குட்டிகள்தான். பால் மறக்கும் பருவத்தில் இருந்த அவை, பக்கத்திலேயே இறைச்சி உணவு இருந்தும், தாய் வாய்வைத்த தட்டிலேயே வாய்வைத்தன. அம்மா எதைத் தின்கிறாளோ அதுதான் சாப்பாடு என்று அவற்றுக்குப் பதிந்துவிட்டது.

தயிர்ச்சோறு கேட்டுக் கத்தும் பூனை, கருவாட்டுக்கு மட்டும் எழுந்து வரும் பூனை, ஒரே கம்பெனியின் ஒரே டிரை ஃபுட்டைத் தவிர வேறெதையும் முகர்ந்துகூடப் பார்க்காத பூனை என நம் வீடுகளில் இருக்கும் எல்லாவற்றின் கதையும் அந்த முதல் சில வாரங்களில்தான் தொடங்குகிறது. இதைத் திமிர் என்றோ செல்லம் கொடுத்துக் கெட்டது என்றோ சொல்வது பூனைக்குச் செய்யும் அநியாயம். தனியாக வேட்டையாடித் தனியாகத் தின்னும் விலங்கு அது. தெரியாத ஒன்றைத் தின்று நோயில் விழுந்தால் இரை கொண்டுவந்து போட யாரும் இல்லை. ஆகவே பழகாத உணவைச் சந்தேகிப்பது அதன் தற்காப்பு. ஒருமுறை ஏதோ ஒன்றைத் தின்ற பிறகு குமட்டியது என்றால், குமட்டலுக்குக் காரணம் வேறாக இருந்தாலும், அந்த உணவை நீண்ட காலத்துக்குத் தொடாமல் இருக்கும்.

அப்படிப்பட்ட பூனையைப் பச்சைக் கறிக்கு மாற்றலாமா, எப்படி மாற்றுவது என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். மாற்ற முடியும். ஆனால் அந்த மாற்றத்தின் வேகத்தைப் பூனையின் மூக்கும் கல்லீரலும்தான் தீர்மானிக்கும். பச்சையாக இருக்கிறது என்பதாலேயே ஒரு கறி நல்ல உணவாகிவிடவும் செய்யாது. எது நல்ல உணவு என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

பூனை முழு மாமிச உண்ணி. நாய் சோறும் பருப்பும் தின்று ஓரளவு சமாளித்துக்கொள்ளும்; பூனையால் முடியாது. கேரட்டின் மஞ்சள் நிறமியிலிருந்து நம் உடல் வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது. பூனைக்கு அது இயலாது. ஈரல் போன்ற விலங்கு உணவிலிருந்தே அதைப் பெற வேண்டும். வெயிலில் எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தாலும் அதன் தோலில் போதுமான வைட்டமின் டி உருவாவதில்லை. ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவு, சில மணி நேரத்தில் ரத்தத்தில் அம்மோனியாவை ஏற்றிப் பூனையைச் சாய்த்துவிடும் என்று 1978-இல் மோரிஸ், ராஜர்ஸ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இவற்றில் முக்கியமானது டாரின். இறைச்சியில் மட்டுமே போதிய அளவில் கிடைக்கும் இந்தப் பொருளைப் பூனையின் உடல் மிகக் குறைவாகவே தயாரிக்கிறது. ஆனால் பித்தநீருக்காக ஓயாமல் செலவழிக்கிறது. டாரின் குறைந்தால் விழித்திரை சிதைந்து பார்வை போகும் என்பது 1975-இல் தெரியவந்தது. இதயத் தசை தளர்ந்து வீங்கும் என்பதை 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அந்தப் பூனைகள் தின்றுகொண்டிருந்தது கடையில் விற்ற கேட் ஃபுட்தான். டாரின் சேர்த்துக் கொடுத்ததும் அவற்றில் பலவற்றின் இதயம் தேறியது. அதன் பிறகு கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின. அந்த ஒரு கண்டுபிடிப்பு காப்பாற்றிய பூனைகளுக்குக் கணக்கே இருக்காது.

பச்சைக் கறி ஆதரவாளர்கள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. கலிபோர்னியாவில் பிரான்சிஸ் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர் 1932 முதல் 1942 வரை சுமார் 900 பூனைகளை வைத்துச் செய்த சோதனை அது. பச்சை இறைச்சி தின்றவை நன்றாக இருந்தன. வேகவைத்த இறைச்சி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. சமைத்தால் உணவு செத்துவிடும் என்பதற்கு இதையே சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் பூனைக்கு டாரின் இன்றியமையாதது என்று அன்று யாருக்கும் தெரியாது. வேகவைக்கும்போது டாரின் தண்ணீரில் கரைந்து போய்விடும். அந்தப் பூனைகளுக்கு நேர்ந்ததை டாரின் குறைபாடே பெருமளவு விளக்கிவிடுகிறது. சத்து எது, எங்கே இருக்கிறது, எதில் தொலைகிறது என்ற கேள்விதான் முதன்மையானது. பச்சையா வெந்ததா என்பது அதற்கு அடுத்தது.

இயற்கையில் பூனையின் சாப்பாடு ஒரு சுண்டெலி. அதில் தசை, எலும்பு, ஈரல், இதயம், குடல், ரத்தம் எல்லாமே இருக்கின்றன. எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரி. 4 கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும், ஏழெட்டு எலிகள். பூனை ஏன் ஒரேயடியாகத் தின்னாமல் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிறது என்பதும் இதில் புரிந்துவிடும்.

கறிக்கடையில் வாங்கிய எலும்பில்லாத கோழி மார்புக்கறி சுண்டெலி ஆகாது. தசையில் கால்சியம் மிகமிகக் குறைவு. பாஸ்பரஸ் அதைப்போல் 15, 20 மடங்கு. பூனைக்கோ இரண்டும் ஏறத்தாழச் சம அளவில் தேவை. வெறும் கறியிலேயே வளரும் குட்டி தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவிக்கொள்ளும்; கட்டிலிலிருந்து குதித்தாலே கால் முறியும். பாசத்தோடு தினமும் கறி போட்டு வளர்த்தவர்களின் குட்டிகளுக்குத்தான் இது வருகிறது என்பது மனதை வருத்துகிறது. ஈரலை அள்ளிப் போட்டால் வேறு சிக்கல்: ஈரலே உணவாக வளர்ந்த பூனைகளுக்கு வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போனதை 1960-களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் விவரித்தார்கள். பச்சை மீனையே நம்பி வளர்ப்பதும் கூடாது. பல மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. தொடர்ந்து தின்றால் பூனையின் தலை தொங்கும், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். வெங்காயமும் பூண்டும் எந்த வடிவிலும் கூடாது. ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

ஆக, வீட்டில் தயாரிப்பது என்றால் எலும்போடு அரைத்த கறி அல்லது அளந்து சேர்த்த கால்சியம், கொஞ்சம் ஈரல், நிறைய இதயம், டாரின் தூள், வைட்டமின் இ, பி வகைகள் என ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை விலங்கு ஊட்டச்சத்து படித்த கால்நடை மருத்துவர்தான் பூனையின் எடைக்கும் வயதுக்கும் ஏற்பப் போட்டுத்தர வேண்டும். கோழியில் மார்புக்கறியைவிடத் தொடைக்கறியில் டாரின் பல மடங்கு அதிகம் என்பதை மட்டும் இப்போதே மனதில் வைக்கலாம்.

இனி மாற்றும் வேலை. தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை: பசித்தால் தானே தின்னும் என்று பூனையைப் பட்டினி போடவே கூடாது. நாய்க்குப் பலிக்கும் அந்த உபாயம் பூனையைக் கொன்றுவிடும். உணவு நின்றதும் உடலின் கொழுப்பு கல்லீரலுக்குப் பெருக்கெடுக்கிறது. பூனையின் கல்லீரலால் அதைக் கையாள முடியாமல் கொழுப்பு அங்கேயே தேங்கி உறுப்பு செயலிழக்கத் தொடங்குகிறது. சில நாள் பட்டினியே போதும். கொழுத்த பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஈறும் கண்ணின் வெண்மையும் மஞ்சளாவது முற்றிய அறிகுறி. ஒரு நாள் முழுக்க எதுவும் தின்னவில்லை என்றால் பழைய உணவையே கொடுத்துவிட வேண்டும். அதையும் தொடாவிட்டால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

முதல் படி, நாள் முழுக்கக் கிண்ணத்தில் டிரை ஃபுட் கிடப்பதை நிறுத்துவது. உணவை மாற்ற வேண்டாம், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். காலை, மதியம், மாலை, இரவு என்று வைத்து, அரை மணியில் எடுத்துவிடுங்கள். எப்போதும் அரைவயிறு நிரம்பியிருக்கும் பூனைக்குப் புதியதை முகர்ந்து பார்க்கும் ஆர்வமே பிறக்காது. வேளைக்கு வேளை லேசான பசி வந்த பிறகுதான் மூக்கு வேலை செய்யத் தொடங்கும். இந்தப் பழக்கம் படியவே இரண்டு வாரம் ஆகலாம்.

பூனை நாக்கால் தேர்ந்தெடுப்பதைவிட மூக்கால் தேர்ந்தெடுப்பதே அதிகம். இனிப்பை உணரும் மரபணு அதற்குச் சிதைந்துபோயிருக்கிறது. பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையம் 2005-இல் அதை உறுதிசெய்தது. டிரை ஃபுட் உருண்டைகளின் மேல், நொதிகளால் கரைத்த ஈரல் சாறும் பூனைகளுக்குப் பிடித்தமான பாஸ்பேட் உப்புகளும் தெளிக்கப்படுகின்றன. அந்த வாசத்துக்குப் பழகிய பூனையின் முன் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற கறியை வைத்தால், அதன் மூக்குக்கு அங்கே ஒன்றுமே இல்லை. இரை என்றால் உயிர்ச்சூடு இருக்க வேண்டும். கறியைக் கவரில் கட்டி வெந்நீரில் சில நிமிடம் வைத்து, தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்படி வையுங்கள். வயதான பூனைகளில் இந்த ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும்.

வாசத்துக்கு அடுத்தது பதம். மொறுமொறுவென்று கடித்துப் பழகிய வாய்க்குக் கொழகொழ கறி அந்நியம். இதனால் நேரே பச்சைக் கறிக்குப் போகாமல், பவுச்சில் வரும் வெட் ஃபுட்டை நடுவில் ஒரு தங்குமிடமாக வைத்துக்கொள்வது நல்லது. ஈரமான உணவு என்றாலே எட்டிப்போகும் பூனைக்கு, டிரை ஃபுட்டைப் பொடித்து அதன்மேல் தூவலாம். வெட் ஃபுட் பழகியதும் அதற்குள் மிளகளவு கறி. இரண்டு மூன்று நாள் மறுப்பின்றித் தின்றால் பட்டாணி அளவு. மறுத்தால் பின்வாங்கி, முந்தைய அளவிலேயே ஒரு வாரம். கறியைப் பழகிய உணவோடு கலப்பதா, பக்கத்தில் தனித்தட்டில் வைப்பதா என்பது பூனைக்குப் பூனை மாறும். கலந்து வைத்தால் சந்தேகப்பட்டுப் பழகியதையும் சேர்த்து ஒதுக்கிவிடும் பூனைகள் உண்டு. அவற்றுக்குத் தனித்தட்டுதான் சரி. அதுவும் ஆழமில்லாத, அகலமான தட்டு.

தட்டைச் சுற்றித் தரையைப் பிராண்டி மூடுவதுபோல் பூனை செய்தால் அருவருப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மிச்ச இரையை மறைத்துவைக்கும் பழைய பழக்கம் அது. முகர்வது, ஒருமுறை நக்குவது, வாயில் எடுத்துக் கீழே போடுவது எல்லாமே முன்னேற்றம்தான். வாயைத் திறந்து திணிப்பது, கறிக்குள் மாத்திரையை ஒளித்துவைப்பது இரண்டும் பல வாரத்து உழைப்பை ஒரு நொடியில் கெடுக்கும். குட்டிகள் சில நாளில் மாறிவிடும். பத்து வயதுப் பூனைக்குப் பல மாதங்கள் ஆகலாம்; அந்தப் பொறுமையை அதற்குக் கொடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை தொடர்ந்து இறங்கினால் மாற்றத்தை நிறுத்துங்கள். சிறுநீரக நோய், கணைய அழற்சி போன்றவை உள்ள பூனைக்கு மருத்துவர் சொல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

கிருமிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பச்சைக் கறியில் சால்மொனெல்லா, லிஸ்டீரியா போன்றவை இருக்கலாம். பூனை நோயின்றி இருந்தபடியே அவற்றைத் தட்டிலும் மலத்திலும் பரப்பும். கடுங்குளிரில் சில நாள் உறையவைத்தால் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி சாகும். பாக்டீரியாக்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் உள்ள வீட்டில் பச்சைக் கறி வேண்டாம். நம் ஊர் வெக்கையில் மிச்சத்தை அரை மணிக்கு மேல் தட்டில் விட்டுவைக்கவும் கூடாது. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இலேயே பச்சை இறைச்சி ஊட்டுவதற்கு எதிராகக் கொள்கை வகுத்தது.

இப்போது பறவைக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. 2004-இல் தாய்லாந்தின் சிராச்சா புலிக் காட்சியகத்தில் பச்சைக் கோழி தின்ற புலிகளுக்கு ஹெச்5என்1 தொற்றி, 441 புலிகளில் 147 இறந்தன அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகனில் உறையவைத்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற வீட்டுப் பூனை அதே வைரஸால் இறந்தது. அதே மாதம் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் 3 புலிகளும் ஒரு சிறுத்தையும் அதே தொற்றில் மடிந்தன. உறையவைப்பதால் இந்த வைரஸ் சாவதில்லை. நன்றாக வேகவைத்தால் சாகும்.

இதனால், கறி உணவுக்கு மாற விரும்புபவர்களுக்கு நான் வேகவைத்த கறியையே பரிந்துரைப்பேன், கோழி என்றால் கட்டாயமாக. பூனைக்குக் கறி தரும் நன்மைகளான அதிகப் புரதம், குறைந்த மாவு, நிறைய ஈரம் எல்லாம் வேகவைத்த கறியிலும் உண்டு. மருத்துவரின் கணக்கும், வெதுவெதுப்பும், மிளகளவிலிருந்து தொடங்கும் பொறுமையும் அதற்கும் அப்படியே பொருந்தும். கூடுதலாக இரண்டு கவனம் போதும். எலும்பை மட்டும் வேகவைத்துக் கொடுக்கக் கூடாது. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும், ஆகவே கால்சியத்தைத் தூளாகத்தான் சேர்க்க வேண்டும். உப்புப் போடாமல் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் கறியோடு கலந்து வையுங்கள். கறியிலிருந்து பிரிந்த டாரின் அதில்தான் இருக்கிறது.