உங்கள் படங்களுக்கு ஒரே முகம்

வீட்டில் பொடி, தொக்கு தயாரித்து விற்பவர்கள், தையல் வகுப்பு நடத்துபவர்கள், டியூஷன் எடுப்பவர்கள், சேலை விற்பவர்கள் எனப் பலரும் இன்று தங்கள் தகவல்களைப் படங்களாகவே அனுப்புகின்றனர். வாட்ஸ் அப், பேஸ்புக், யு ட்யூப், சொந்த இணைய தளம் என எங்கு பார்த்தாலும் இந்தப் படங்கள்தான். இவற்றைத் தயாரிக்க இலவச சாப்ட்வேர்களும் ஏராளமாக உள்ளன. அதுவே ஒரு பிரச்னையாகவும் மாறிவிடுகிறது. திங்கட்கிழமை சிவப்புப் பின்னணியில் ஒரு படம். புதன்கிழமை பூக்கள் நிறைந்த பார்டருடன் இன்னொன்று. வெள்ளிக்கிழமை வேறு ஓர் அப்ளிகேஷனில், வேறு எழுத்துருவில் மற்றொன்று. தனித் தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகுதான். ஆனால் மூன்றும் ஒரே இடத்திலிருந்து வந்தவை என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் படத்தை ஒருவர் போனில் சேமித்துத் தன் உறவினருக்கு அனுப்பினால், படத்திற்குக் கீழே நீங்கள் டைப் செய்த பெயரும் விலையும் உடன் செல்வதில்லை. படம் மட்டுமே செல்கிறது. அப்போது "இது அவர்களுடையது" என்று சொல்ல வேண்டியது படத்தின் தோற்றம் மட்டுமே. எனவே, ஒரே மாதிரியான தோற்றம் என்பது அலங்காரம் அல்ல. அது உங்கள் கையெழுத்து. இதற்கு டிசைனர் தேவையில்லை. சில முடிவுகளை ஒரே ஒரு முறை எடுத்து, எழுதி வைத்து, அவற்றை ஒரு டெம்ப்ளேட்டில் பூட்டி வைத்தால் போதும்.

பென்குயின் தந்த பாடம்

இங்கிலாந்தில் 1935ல் பென்குயின் நிறுவனம் மலிவு விலைப் புத்தகங்களை வெளியிடத் தொடங்கியது. அட்டையில் படங்கள் இல்லை. மூன்று கிடைப் பட்டைகள். நடுவில் வெள்ளை, மேலும் கீழும் ஒரே வண்ணம். நாவல் என்றால் ஆரஞ்சு, துப்பறியும் கதை என்றால் பச்சை, வாழ்க்கை வரலாறு என்றால் நீலம். கூடவே ஒரு பென்குயின் பறவை. புத்தகத்தின் பெயரும் ஆசிரியர் பெயரும் மட்டுமே மாறின, மற்றவை மாறவில்லை. கடைக்குள் நுழைபவர், பெயரைப் படிக்கும் முன்னரே அது யார் வெளியிட்ட புத்தகம், எந்த வகை என்று தெரிந்து கொண்டார்.

பின்னர் 1947ல் யான் சிகோல்ட் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளர் அங்கு பணியில் சேர்ந்தார். வெவ்வேறு அச்சகங்களில் அச்சாகும் புத்தகங்கள் வெவ்வேறு விதமாக வருவதைக் கண்டார். எழுத்துகளுக்கு இடையே எவ்வளவு இடம் விட வேண்டும், பத்தியை எப்படித் தொடங்க வேண்டும் என்பது போன்ற விதிகளை நான்கே பக்கங்களில் எழுதிக் கொடுத்தார். நூற்றுக் கணக்கான புத்தகங்கள் வெளியிடும் நிறுவனத்திற்கே நான்கு பக்கங்கள் போதும் என்றால், நமக்கு ஒரு பக்கம் தாராளம். அந்த ஒரு பக்கத்தில் என்ன எழுதலாம் என்று பார்ப்போம்.

1. வண்ணங்கள்: மூன்று வண்ணங்கள் போதும். ஒன்று பின்னணிக்கு, ஒன்று எழுத்துக்கு, ஒன்று கண்ணை இழுக்கும் இடத்திற்கு. "கரும்பச்சை", "மாம்பழ மஞ்சள்" என்று பெயரை மட்டும் எழுதி வைத்தால், அடுத்த மாதம் வேறு பச்சை வந்துவிடும். எண்களாகக் குறித்துக் கொள்ளவும். ஓர் எடுத்துக்காட்டு: எழுத்துக்குக் கரும்பச்சை நீலம் - சிவப்பு 0, பச்சை 68, நீலம் 85. பின்னணிக்கு இளம் சந்தனம் - சிவப்பு 255, பச்சை 248, நீலம் 231. கவர்வதற்கு மாம்பழ மஞ்சள் - சிவப்பு 242, பச்சை 169, நீலம் 0. இந்த எண்களை எந்தப் படச் சாப்ட்வேரில் கொடுத்தாலும் அதே வண்ணம் கிடைக்கும்.

வண்ணம் தேர்ந்தெடுக்கும்போது, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கவனிக்கவும். இணையப் பக்கங்களுக்கான சர்வதேச வழிகாட்டுதலின்படி, சாதாரண அளவு எழுத்துகளுக்கு இந்த விகிதம் குறைந்தது 4.5க்கு 1 என இருக்க வேண்டும். பெரிய எழுத்துகளுக்கு 3க்கு 1 போதும். மேலே சொன்ன கரும்பச்சை நீலத்தைச் சந்தன வண்ணத்தின் மீது வைத்தால் விகிதம் 10ஐத் தாண்டுகிறது. அதையே மஞ்சள் மீது வைத்தால் 5க்குச் சற்று மேல், இதுவும் சரி. ஆனால் அந்த மஞ்சள் மீது வெள்ளை எழுத்து வைத்தால் விகிதம் 2 மட்டுமே. உங்கள் மானிட்டரில் நன்றாகத் தெரிந்தாலும், வெயிலில் நின்று போன் பார்ப்பவருக்கு அது தெரியாது. எனவே "மஞ்சள் மீது வெள்ளை எழுத்து கூடாது" என்பதையும் விதியாக எழுதிவிடவும்.

2. எழுத்துரு: ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அழுத்திக் காட்ட எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் டைப் செய்துவிடலாம். தமிழில் அந்த வசதி இல்லை. எழுத்தின் தடிமனும் அளவும்தான் நமக்கு உள்ள வழிகள். எனவே பல தடிமன்களில் கிடைக்கும் யுனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கவும். கூகுள் பாண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் முக்தா மலர் 7 தடிமன்களிலும், காடமரன் 9 தடிமன்களிலும், ஹிந்த் மதுரை 5 தடிமன்களிலும் உள்ளன. ஒரே தடிமன் உள்ள எழுத்துருவில் "போல்ட்" பட்டனை அழுத்தினால், சாப்ட்வேர் எழுத்தைச் செயற்கையாகப் பருமனாக்கும். சுழிகள் அடைபட்டு, சிறிய அளவில் படிக்க இயலாமல் போகும்.

ஓர் எழுத்துரு, இரண்டு தடிமன், இது போதும். தலைப்புக்குத் தடித்தது, மற்றவற்றிற்குச் சாதாரணம். தேர்ந்தெடுத்த பின், கொ, கௌ, கூ, ஸ்ரீ ஆகிய எழுத்துகளை டைப் செய்து பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து தனித் தனியே நின்றால், அந்தச் சாப்ட்வேர் தமிழைச் சரியாகக் கையாளவில்லை என்று பொருள். வேறு சாப்ட்வேருக்கு மாறிவிடவும். வரி இடைவெளியும் முக்கியம். தமிழில் மேலே விசிறியும் கீழே உகரக் குறியும் வருவதால், நெருக்கமான வரிகளில் இரண்டும் மோதிக் கொள்ளும். 1.3 அல்லது சற்றுக் கூடுதலாக வைத்துக் கொள்ளலாம்.

3. அளவும் இடமும்: எல்லா இடங்களுக்கும் ஒரே படத்தை அனுப்பினால், ஓரிடத்தில் தலை வெட்டப்படும், மற்றோர் இடத்தில் கால். பொதுவான பதிவுகளுக்குச் சதுரம் 1080க்கு 1080 பிக்ஸெல். வாட்ஸ் அப் ஸ்டேட்டஸுக்கு 1080க்கு 1920. யு ட்யூப் வீடியோ முகப்புக்கு 1280க்கு 720. உங்களுக்குத் தேவையானவற்றை மட்டும் எடுத்துக் கொள்ளவும். பெயரும் லோகோவும் எப்போதும் ஒரே மூலையில் இருக்கட்டும். யு ட்யூப் முகப்புப் படத்தில் வலது கீழ் மூலையை விட்டுவிடவும். அங்கு வீடியோவின் நேரம் வந்து மறைத்துவிடும். எல்லாப் பக்கங்களிலும் பத்தில் ஒரு பங்கு இடம் காலியாக விடுவது நல்லது.

4. போட்டோக்கள்: வண்ணமும் எழுத்துருவும் சரியாக இருந்து, போட்டோக்கள் ஆளுக்கொரு விதமாக இருந்தால் எல்லாம் வீண். ஒரே ஜன்னல், ஏறக்குறைய ஒரே நேரம், ஒரே பின்னணி. ஒரு சார்ட் பேப்பரை மேஜையிலிருந்து சுவர் வரை வளைத்து ஒட்டினால் பின்னணி தயார். போன் இருக்க வேண்டிய இடத்தை டேப் ஒட்டி அடையாளம் செய்து கொள்ளவும். ஜன்னல் வெளிச்சமும் மின் விளக்கும் கலந்தால் ஒரு பக்கம் நீலமாகவும் மறு பக்கம் மஞ்சளாகவும் தெரியும். எனவே விளக்கை அணைத்துவிடவும்.

ஓர் எச்சரிக்கை. எல்லாப் படங்களும் ஒன்று போல் இருக்க வேண்டும் என்று ஒரே பில்டரைப் போட்டுவிடுவது எளிது. ஆனால் அது பொருளின் வண்ணத்தையும் மாற்றிவிடும். அரக்குச் சேலை படத்தில் செந்நிறமாகத் தெரிந்தால், வாங்கியவர் திருப்பி அனுப்புவார். அடுத்த முறை உங்களிடம் வரவும் தயங்குவார். ஒற்றுமை பின்னணியிலும் சட்டத்திலும் இருக்கட்டும். பொருளின் வண்ணம் உண்மையாகவே இருக்கட்டும்.

டெம்ப்ளேட் தயாரிக்கலாம்

விதிகளை எழுதியாகிவிட்டது. இனி ஒவ்வொரு முறையும் அவற்றை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடலாம். இதற்கு பவர்பாயிண்ட் போதும்.

முதலில் டிசைன் டேப்பில் ஸ்லைட் சைஸ், அதில் கஸ்டம் ஸ்லைட் சைஸ் தேர்ந்தெடுத்து, அகலம், உயரம் இரண்டிலும் 11.25 அங்குலம் எனக் கொடுக்கவும். பவர்பாயிண்ட் வழக்கமாக அங்குலத்திற்கு 96 பிக்ஸெல் என்ற கணக்கில் படமாக மாற்றுவதால், 1080 பிக்ஸெல் சதுரம் கிடைக்கும். அடுத்து வியூ டேப்பில் ஸ்லைட் மாஸ்டர் கிளிக் செய்திடவும். இங்கு வைப்பவை சாதாரண ஸ்லைடில் தவறுதலாக நகராது, அழியாது. எனவே பின்னணி வண்ணம், பட்டை, லோகோ, பெயர், போன் எண் ஆகியவற்றை இங்கேயே அமைக்கவும். கலர்ஸ் மெனுவில் கஸ்டமைஸ் கலர்ஸ் பெற்று, உங்கள் மூன்று வண்ணங்களின் எண்களைக் கொடுக்கவும்.

பின்னர் இன்செர்ட் பிளேஸ்ஹோல்டர் மூலம் போட்டோவிற்கு ஓர் இடமும், தலைப்பிற்கு ஓர் இடமும் ஒதுக்கவும். தலைப்பு இடத்தைத் தேர்ந்தெடுத்து எழுத்துரு, அளவு, வரி இடைவெளியை அமைத்துவிடவும். இனி எந்த போட்டோவை இட்டாலும் அது அந்தச் சட்டத்திற்குள் தானாகப் பொருந்தும். பொடி வகைகளுக்கு ஒரு லேஅவுட், தொக்கு வகைகளுக்கு ஒன்று, விடுமுறை அறிவிப்புக்கு ஒன்று எனத் தயாரித்து, பட்டையின் வண்ணத்தை மட்டும் மாற்றலாம். பென்குயின் செய்தது இதைத்தான்.

முடித்தவுடன் பவர்பாயிண்ட் டெம்ப்ளேட் வகையில் சேவ் செய்திடவும். ஒரு பைலில் ஓர் அளவுதான் அமைக்க முடியும் என்பதால், ஸ்டேட்டஸ் அளவிற்குத் தனி பைல் தேவை. வேறு கம்ப்யூட்டரில் திறக்கும்போது எழுத்துரு மாறாமல் இருக்க, ஆப்ஷன்ஸ் பிரிவில் சேவ் என்பதைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவைப் பைலுடன் இணைக்கும் வசதியை டிக் செய்திடவும். பவர்பாயிண்ட் இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ் சாப்ட்வேரில் மாஸ்டர் ஸ்லைட் வசதியைப் பயன்படுத்தலாம். போனில் கான்வா பயன்படுத்துபவர்கள், அங்குள்ள டிசைன்களில் தினமும் புதியதைத் தேடாமல், ஒன்றை உங்கள் விதிப்படி மாற்றி, ஒவ்வொரு முறையும் அதையே காப்பி எடுத்துக் கொள்ளவும்.

சேமிப்பதும் அனுப்புவதும்

சேவ் அஸ் மெனுவில் பி.என்.ஜி. பார்மட்டைத் தேர்ந்தெடுத்து, இந்த ஸ்லைட் மட்டும் எனக் கொடுக்கவும். எழுத்தும் தட்டையான வண்ணமும் உள்ள படங்களுக்கு பி.என்.ஜி. ஏற்றது. ஜேபெக் பார்மட், சேவ் செய்யும் ஒவ்வொரு முறையும் படத்தின் தகவலில் கொஞ்சம் கழித்துவிடும். எழுத்தின் ஓரங்களில் அழுக்குப் படிந்தது போலத் தெரியும். போட்டோவிற்கு மட்டும் ஜேபெக் சரி. வாட்ஸ் அப் தன் பங்கிற்கு மீண்டும் சுருக்கும் என்பதால், எச்.டி. தரத்தில் அனுப்பவும். பைல்களுக்கு 2025-பொடி-சதுரம்-01 என்பது போல ஒரே முறையில் பெயரிட்டால், பின்னர் தேடுவது எளிது.

ஏ.ஐ. மூலம் படம் தயாரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். ஒரே கட்டளைக்கும் அது ஒவ்வொரு முறையும் வேறு வேறு தோற்றம் தரும். தமிழ் எழுத்துகளைச் சிதைத்துத் தருவதும் உண்டு. எனவே படத்தை மட்டும் அதனிடம் பெற்று, எழுத்தை உங்கள் டெம்ப்ளேட்டில் நீங்களே அமைக்கவும். நீங்கள் விற்கும் பொருளுக்கு எப்போதும் உண்மையான போட்டோதான் தேவை.

மூன்று சோதனைகள்

ஒன்பது படங்கள் சேர்ந்தவுடன் அவற்றை மூன்று வரிசையாக அடுக்கவும். பெயரை விரலால் மறைத்த பின்னும் அவை ஒரே குடும்பமாகத் தெரிகின்றனவா? அடுத்து, ஒரு படத்தைக் கட்டை விரல் நகம் அளவிற்குச் சுருக்கவும். தலைப்பு படிக்க முடிகிறதா? இல்லையெனில் சொற்களைக் குறைக்கவும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, நான்கைந்து போதும். மூன்றாவதாக, போனில் எடிட் வசதி மூலம் சாச்சுரேஷனை முழுமையாகக் குறைத்து, படத்தைக் கறுப்பு வெள்ளை ஆக்கவும். எழுத்து தெளிவாகத் தெரிந்தால், வண்ணங்களைப் பிரித்தறிய இயலாதவர்களும் அதனைப் படிக்க முடியும்.

சில வாரங்களில் ஒரே டிசைன் உங்களுக்கே அலுத்துப் போகும். மாற்றலாமா என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். நீங்கள் அதை நாள் முழுவதும் பார்க்கிறீர்கள். உங்கள் வாடிக்கையாளர் நூறு படங்களுக்கு நடுவில் சில நொடிகள் மட்டுமே பார்க்கிறார். உங்களுக்கு அலுக்கும் நேரத்தில்தான் அது அவர் மனதில் பதியத் தொடங்குகிறது. குறைந்தது ஓர் ஆண்டாவது தொடரவும்.