துணுக்குப் பேழை

கணினியில் எழுதுவோர் நாடோறும் செய்யும் தொழில்களுள் வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் என்னும் மூன்றும் தலையாயவை. முன்னாளில் பதிப்பாசிரியர் தட்டச்சுத் தாளைக் கத்தரியால் வெட்டி, வேண்டுமிடத்துப் பசையால் ஒட்டித் திருத்தினர். அவ்வழக்கத்தையே 1970-களின் இடைப்பகுதியில் லாரி டெஸ்லர், டிம் மாட் என்னும் இருவர், அமெரிக்க நாட்டுப் பாலோ ஆல்ட்டோ நகரத்து ஸெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், 'ஜிப்ஸி' என்னும் எழுதுமென்பொருளில் அமைத்தனர்.

வெட்டியதோ நகலெடுத்ததோ ஆகிய பகுதி, ஒட்டப்படுமளவும் தங்கும் இடம் கிளிப்போர்டு எனப்படும். அதற்கு ஒரு குறையுண்டு. ஒரு பொழுதில் ஒன்றையன்றி அது தாங்காது; புதியது புகின் பழையது நீங்கும். ஆதலின், ஒரு நூலினின்று ஐந்து மேற்கோள்களைத் தம் கட்டுரையிற் சேர்க்க விரும்பும் மாணவர், நூலுக்கும் கட்டுரைக்குமிடையே ஐந்து முறை சென்று மீளல் வேண்டும்.

இக்குறை நீக்க எழுந்தனவே பல துணுக்குகளைச் சேர்த்துவைக்கும் கருவிகள். மைக்ரோசாப்டு நிறுவனத்தாரின் ஆபீஸ் 2000 பன்னிரண்டு துணுக்குகளையும், அதன்பின் வந்த ஆபீஸ் எக்ஸ்பி இருபத்து நான்கினையும் தாங்கின. 2018-ஆம் ஆண்டில் விண்டோஸ் 10 இயங்குதளத்திலேயே இவ்வசதி அமைந்தது. அதனை முதலில் இயக்கி வைத்தல் வேண்டும். பின்னர் விண்டோஸ் விசையையும் 'வி' விசையையும் ஒருங்கே அழுத்தின், நகலெடுத்தவற்றின் பட்டியல் தோன்றும். அது 25 துணுக்குகளைக் கொள்ளும். கணினியை மீளத் தொடங்குங்கால், நிலைநிறுத்தி வைத்தவையொழிய ஏனைய அழியும். 'டிட்டோ' போன்ற தனிக்கருவிகளோ துணுக்குகளை வட்டில் எழுதி வைத்தலின், அவை பின்னும் நிற்கும்.

இவை இயங்குமாறு யாங்ஙனமெனின், கூறுதும். கிளிப்போர்டில் மாற்றம் நேருந்தோறும் இயங்குதளம் அதனை அறிவிக்கின்றது. உடனே கருவி அப்பகுதியைத் தன் பட்டியலிற் படியெடுத்துக் கொள்ளும். நாம் ஒன்றைத் தெரிந்தவுடன், அதனை மீண்டும் கிளிப்போர்டில் வைத்து ஒட்டும். எனவே கிளிப்போர்டு இன்றும் ஒன்றையே தாங்குகின்றது. பலவற்றை நினைவில் வைப்பது கருவியே.

அங்ஙனம் நினைவில் வைத்தலிலேயே இடரும் உளது. கடவுச்சொல், வங்கிக் கணக்கெண், நண்பர்க்கெழுதிய அந்தரங்க மடல் ஆகியனவும் அப்பட்டியலிற் சேரும். கடவுச்சொற் காப்பு மென்பொருள்களுட் சில, தம் சொல்லைப் பதிய வேண்டாவென்னும் குறியை உடன் இடுகின்றன. நாமே ஒரு மடலினின்று நகலெடுக்குஞ் சொல்லுக்கு அக்குறி இல்லை. பலர் ஒரே கணக்கிற் புழங்கும் பொதுக்கணினியில், நமக்குப்பின் அமர்வோர் அதனை எளிதிற் காண்பர். ஆதலின் எழுமுன் பட்டியலைத் துடைத்தல் கடமையாம்.

மற்றுமொன்று. ஏடெழுதுவோர் செய்த பிழை, படிதோறும் பரவிப் பாடவேறுபாடாய் நின்றமை தமிழ் பயில்வார் அறிந்ததே. ஓரெழுத்துப் பிழையுடன் சேமித்த மேற்கோளும் ஒட்டுமிடந்தோறும் அப்பிழையையே நாட்டும். கை சலிக்குமாறு எழுதியார்க்கு மறுமுறை நோக்க வாய்ப்பேனும் இருந்தது, விசையழுத்துவார்க்கு அதுவுமில்லை. எனவே பேழையில் இடுமுன் ஒருகால் மூலத்தோடு ஒப்புநோக்குவோமாக. அங்ஙனஞ் செய்யின், இக்கருவி நம் கைக்கு ஓய்வளிக்கும். நம் எழுத்துக்கும் இழுக்கு நேராது.