விடிய விடிய வேகும் பலகாரம்

வியட்நாமில் ஹனோய் நகருக்கு அருகே, செந்நதிப் படுகையில் ஒரு கிராமம். அங்குள்ள வீடொன்றில் நீங்கள் விருந்தினராகத் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, பேரப்பிள்ளைகள் என வீடு நிறைந்திருக்கிறது. நம்மைப்போலவே அவர்களும் தந்தையின் அண்ணனை ஒரு சொல்லாலும் தம்பியை வேறொரு சொல்லாலும் அழைக்கிறார்கள். இரண்டொரு நாளில் 'தெத்' என்னும் சந்திரப் புத்தாண்டு. அதற்காகத்தான் வெளியூரில் வேலை பார்ப்போரும் வந்திருக்கிறார்கள்.

முற்றத்தில் அத்தை அகன்ற பச்சை இலைகளைக் கழுவித் துடைக்கிறார். ஊறவைத்த ஒட்டரிசி, பாசிப்பருப்பு, பன்றியிறைச்சி ஆகியவற்றை அடுக்கி, இலையில் சதுரமாகப் பொதிந்து, மூங்கில் நாரால் இறுகக் கட்டுகிறார் தாத்தா. இதுதான் 'பான் சுங்'. மூதாதையருக்கான படையலில் இது தவறாமல் இடம்பெறும்.

பொதிகளைப் பெரிய அண்டாவில் அடுக்கி, நீர் ஊற்றி, மாலையில் விறகடுப்பில் ஏற்றுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவேண்டும். வீட்டார் முறைவைத்துக் கண்விழிக்கிறார்கள். ஏன் இவ்வளவு நேரம்?

விறகைக் கூட்டினால் என்ன?

"நிறைய விறகு வைத்தால் சீக்கிரம் வெந்துவிடாதா, பாட்டி?" என்று பேரன் இரண்டு கட்டைகளை அடுப்பில் தள்ளுகிறான். பாட்டி அவற்றை வெளியே இழுத்துவிடுகிறார்.

பாட்டி செய்ததே சரி. சாதாரணக் காற்றழுத்தத்தில் நீர் 100° செ. வெப்பநிலையில் கொதிக்கும். பிறகு எவ்வளவு எரித்தாலும் வெப்பநிலை உயராது. கூடுதல் வெப்பம் நீரை ஆவியாக்கவே செலவாகும். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 22.6 லட்சம் ஜூல் தேவை! நீர்மட்டம் இறங்கினால் வெளியே தலைகாட்டும் பொதி சரியாக வேகாது. விரைவில் கெட்டும் போகும். பண்டிகைப் படையலே பாழாகிவிடும். எனவே பக்கத்து அடுப்பில் வெந்நீர் தயாராக இருக்கிறது. பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கொதி அடங்கிவிடும் அல்லவா?

வெப்பத்தின் மெதுவான பயணம்

பொதியின் கனம் 6 செ.மீ. என்போம். வெப்பம் இருபுறமிருந்தும் 3 செ.மீ. கடந்து நடுவை அடையவேண்டும். இறுகிய பொதிக்குள் நீர் சுழன்றோட இடமில்லை. ஆகவே அங்கு வெப்பச்சலனம் இல்லை, வெப்பக்கடத்தல் மட்டுமே. ஈர அரிசியோ வெப்பத்தை எளிதில் கடத்தாது. கணக்கிட்டுப் பார்த்தால், நடுப்பகுதி 90° செ.-ஐ எட்டவே சுமார் 2 மணி நேரமாகும். அரிசி மணிகள் குழைந்து ஒன்றாகவும், இறைச்சியின் கொழுப்பு உருகிப் பருப்பில் ஊறவும் மீதி இரவு வேண்டும்.

அதே அண்டாவில் பேரனுக்கென்று ஒரு குட்டிப் பொதியும் வேகிறது. அதன் நீளம், அகலம், கனம் எல்லாமே பாதி. அதன் நடுவை வெப்பம் அடையும் நேரமும் பாதியா? இல்லை, கால் பங்கு! வெப்பக்கடத்தலில் நேரம், தொலைவின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். 2 மணி நேரத்திற்குப் பதில் அரை மணி நேரம் போதும். குட்டிப் பொதியை முதலில் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் இப்போது புரிகிறதா?

செய்து பாருங்கள்

ஒன்று மற்றொன்றைப்போல் இருமடங்கு குறுக்களவுள்ள இரண்டு உருளைக்கிழங்குகளை ஒரே பாத்திரத்தில் வேகவையுங்கள். பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை ஈர்க்குச்சியால் நடுவரை குத்திப் பாருங்கள். சிறியது வெந்த நேரம் என்ன? பெரியது வெந்தது இருமடங்கு நேரத்திலா, நான்கு மடங்கு நேரத்திலா? குறித்துவைத்து, வகுப்பில் நண்பர்களின் விடைகளோடு ஒப்பிடுங்கள்.