கருத்துக் கேட்பது வேறு... கலந்து பேசுவது வேறு! - பொம்மையார்பாளையம் கடற்கரையிலிருந்து ஒரு சொல் பாடம்

புதுச்சேரியைத் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் நோக்கிப் போனால் கொஞ்ச தூரத்திலேயே வந்துவிடுகிறது பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டத்தில் இருக்கும் மீனவ கிராமம். படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த மணல்பரப்பைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவருகிறது. 'தூண்டில் வளைவு அமைத்துக் கொடுங்கள்' என்று கேட்டு, ஊர் மக்கள் சாலை மறியல் வரை போயிருக்கிறார்கள்.

இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1980-களின் இறுதியில் புதுச்சேரி துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபோது, மணல் தெற்கே தேங்கியது. வடக்கே கரை கரைந்தது. நகரக் கடற்கரையைக் காக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. அரிப்பு அதற்கும் வடக்கே இருந்த குப்பங்களுக்கு நகர்ந்தது.

தூண்டில் வளைவிலும் இதே சிக்கல் உண்டு. ஓர் ஊரின் மணலை அது பிடித்து வைத்தால், அடுத்த ஊருக்குப் போகவேண்டிய மணல் குறையும். எந்த ஊரும் தனியாக முடிவெடுக்க முடியாது. கூடித்தான் பேச வேண்டும். ஆனால், 'கூடிப் பேசுவது' என்றால் என்ன?

டாக்டரிடம் போவதும் 'கன்சல்ட்'தான்!

'டாக்டரை கன்சல்ட் பண்ணு' என்கிறோம். அங்கே ஒருவர் கேட்கிறார், தெரிந்தவர் சொல்கிறார். 'மக்களை கன்சல்ட் பண்ணினோம்' என்று அரசு சொல்லும்போதும் அதே ஆங்கிலச் சொல்தான். ஒருமுறை கேட்டுக்கொண்டதா, உட்கார்ந்து பேசி முடித்ததா என்பது அந்தச் சொல்லிலிருந்து தெரியாது.

டச்சு மொழியில் இந்தக் குழப்பம் குறைவு. டாக்டரிடமோ அகராதியிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு 'ராட்பிளேஹன்' என்று ஒரு சொல். இரு தரப்பும் மாறி மாறிப் பேசி ஒரு வழிக்கு வருவதற்கு 'ஓவர்லெஹன்' என்று இன்னொரு சொல். சபையில் முறையாக விவாதிப்பதற்கு 'பெராட்ஸ்லாஹன்' என்று மூன்றாவதும் உண்டு.

டச்சுக்காரர்கள் நமக்கு அந்நியர்களும் அல்ல. 1693 முதல் 1699 வரை புதுச்சேரியே அவர்கள் கையில் இருந்தது. 'துட்டு', 'கக்கூசு' இரண்டும் அவர்கள் மொழியிலிருந்து நம்மிடம் தங்கிவிட்ட சொற்கள். கூடிப் பேசும் சொல் மட்டும் கப்பலோடு திரும்பிவிட்டது!

அவர்களுக்கு அந்தப் பழக்கம் வந்ததற்கும் தண்ணீர் ஒரு காரணம். நெதர்லாந்து நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஒருவர் தன் பங்குக் கரையைக் கவனிக்காமல் விட்டால், பக்கத்து வீட்டுக்காரர் வயலும் மூழ்கும். அதனால் 13-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே நீர் வாரியங்கள் உருவாகின. இன்றும் தேர்தல் நடத்தி அதற்கு ஆட்களை அனுப்புகிறார்கள். தண்ணீரிலிருந்து மீட்ட நிலத்துக்கு 'போல்டர்' என்று பெயர். அதிலிருந்து, விட்டுக்கொடுத்துப் பேசி முடிப்பதற்கு 'போல்டரன்' என்ற சொல்லும் பிறந்தது.

நம்மிடம் சொல் இல்லையா?

நிறைய உண்டு. உசாவுதல், ஆலோசித்தல், கலந்து பேசுதல், ஊர்க்கூட்டம், பஞ்சாயத்து... ஆனால், சில சொற்கள் பொருள் மாறிவிட்டன. 'சூழ்ச்சி' என்றால் இன்று சதி. திருக்குறளின் வினைசெயல்வகை அதிகாரத்தில் அதே சொல்லுக்கு, கலந்து ஆராய்வது என்று பொருள். 'கலந்தாய்வு' என்றால் கூடி ஆராய்வது. இன்று பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அது மொபைலில் கல்லூரிப் பட்டியலை வரிசைப்படுத்தும் வேலை.

மீனவ குப்பங்களில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. கடலுக்குப் போகலாமா வேண்டாமா, எந்த வலையைத் தடுப்பது, திருவிழா வரி எவ்வளவு... எல்லாம் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித்தான் முடிவாகும். அதிலும் குறை உண்டு. மீனைக் கூடையில் சுமந்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றும் பெண்களுக்குப் பெரும்பாலான ஊர்க்கூட்டங்களில் இடமில்லை. ஆனால், பேசியவர்கள் கையிலேயே முடிவும் இருக்கிறது. அதுதான் முக்கியம்.

சட்டம் என்ன சொல்கிறது?

துறைமுகம் போன்ற பெரிய திட்டங்களுக்கு 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மக்களைக் கலந்தாலோசிக்க வேண்டும். அதன் ஒரு பகுதிதான் கலெக்டர் தலைமையில் நடக்கும் 'கருத்துக் கேட்புக் கூட்டம்'. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கருத்தைக் கேட்பார்கள், முடிவு அங்கே எடுக்கப்படுவதில்லை. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கும் கிடையாது. திட்டத்தின் வரைவு அறிக்கை தயாரான பிறகுதான் மக்கள் முறை வருகிறது.

அதற்காக அந்தக் கூட்டத்தை விட்டுவிடக் கூடாது. அதில் மக்களுக்குக் கிடைக்கும் உரிமைகள் இவை:

* கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும்.

* வரைவு அறிக்கையைக் கலெக்டர் அலுவலகம் உள்ளிட்ட இடங்களில் பார்க்கலாம்.

* வந்திருக்கும் யாரும் கேள்வி கேட்கலாம், விளக்கம் பெறலாம். எழுத்து மூலமாகவும் கருத்து அனுப்பலாம்.

* பேசியவற்றின் சுருக்கத்தைக் கூட்டத்தின் முடிவில் மக்கள் மொழியிலேயே வாசித்து விளக்க வேண்டும்.

கடைசி உரிமை முக்கியமானது. தான் பேசியது பதிவாகியிருக்கிறதா என்று ஒரு மீனவப் பெண் அந்த இடத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

மணல் ஊர் எல்லை பார்த்து நிற்பதில்லை. தெற்கே கல் கொட்டும் முன் வடக்கே இருக்கும் ஊரையும் உட்காரவைத்துப் பேசினால்தான் அது கலந்தாலோசனை. கொட்டிய பிறகு கேட்டால், அது வெறும் குசல விசாரிப்பு!