பிறர் தோல்வியில் பிறக்கும் மகிழ்ச்சி

நாம் ஆதரிக்கும் குழு வென்றால் மகிழ்கிறோம், தோற்றால் வருந்துகிறோம். இவ்விரண்டும் இயல்பாக எழும் உணர்ச்சிகள். இவற்றுக்கு விளக்கம் வேண்டுவதில்லை. ஆனால், நம் குழு ஆடாத ஓர் ஆட்டத்தில், நமக்குப் போட்டியென்று நாம் கருதும் குழு வேறொரு குழுவிடம் தோற்றது என்னும் செய்தி கேட்டவுடன் நம் உள்ளம் துள்ளுகிறதே, அஃது ஏன்? அத்தோல்வியால் நம் கணக்கில் ஒரு கோலும் கூடவில்லை. ஒரு புள்ளியும் சேரவில்லை. ஆயினும் பெரும்பேறு ஒன்று கிட்டியதைப் போல் களிக்கிறோம். கால்பந்தாட்டத்தில் பற்றுடையார் எவரும் இக்களிப்பை அறிவர். இதன் இயல்பையும், இதற்குரிய எல்லையையும் ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக ஆராய்வோம்.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் போட்டியில் 20 குழுக்கள் ஆடுகின்றன. ஒவ்வொரு குழுவும் மற்ற 19 குழுக்களோடும் இருமுறை மோதும். ஆக, ஒரு பருவத்தில் ஒரு குழுவுக்கு 38 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளிகள்; சமனாக முடிந்தால் ஒரு புள்ளி; தோற்றால் ஒன்றுமில்லை. 2020-ஆம் ஆண்டு, கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக, ஆகஸ்டில் தொடங்க வேண்டிய பருவம் செப்டம்பர் 12-ஆம் நாள்தான் தொடங்கிற்று. அப்போது பட்டத்தைத் தாங்கி நின்ற குழு லிவர்பூல். முப்பது ஆண்டுகள் காத்திருந்து, அவ்வாண்டின் கோடையிலேதான் அக்குழு லீக் பட்டத்தை மீண்டும் அடைந்திருந்தது. அதன் நெடுநாளைய போட்டிக் குழுவான மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆதரவாளர்கள் அந்த வெற்றியைப் பொறுமையோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

அக்டோபர் 4-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மாலையில் மான்செஸ்டர் யுனைடெட் தன் சொந்தத் திடலான ஓல்டு டிராஃபோர்டில் டாட்டன்ஹம் குழுவை எதிர்த்து ஆடிற்று. இரண்டாம் நிமிடத்திலேயே ஒரு பெனால்ட்டியால் யுனைடெட் முந்தியது. ஆனால் அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. அரைமணி நேரத்திற்குள் அதன் ஆட்டக்காரர் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். ஆட்டம் முடிந்தபோது டாட்டன்ஹம் 6, யுனைடெட் 1. அன்று வென்ற குழுவின் பயிற்சியாளர் ஜோசே மொரீனியோ. முன்னொரு காலத்தில் யுனைடெட்டின் பொறுப்பில் இருந்து, 2018-இல் விலக்கப்பட்டவர். புண்ணில் வேல் பாய்ந்தது போலிருந்திருக்கும் அவ்வூர் மக்களுக்கு.

சில மணி நேரமே கழிந்தது. அன்றிரவு பர்மிங்ஹாமில் லிவர்பூல் ஆடிற்று. எதிர்த்து நின்ற ஆஸ்டன் வில்லா, முந்திய பருவத்தில் ஒரே ஒரு புள்ளியால் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பிய குழு. அக்குழு வாகையரை 7-2 என்னும் கணக்கில் வீழ்த்தியது! லிவர்பூல் ஓர் ஆட்டத்தில் ஏழு கோல்களை வாங்கியது 1963-ஆம் ஆண்டிற்குப் பின் அதுவே முதன்முறை. திடல்களில் அன்று மக்கள் இல்லை. நோய்த்தொற்றினால் வாயில்கள் அடைபட்டிருந்தன. ஆயினும், மாலையில் துயருற்றிருந்தவர்களுக்கு இரவில் ஒரு மருந்து கிடைத்துவிட்டது. “நாங்கள் ஆறு வாங்கினோம், அவர்களோ ஏழு வாங்கினார்கள்” என்று தம்மைத் தேற்றிக்கொள்ள வழி பிறந்தது.

இவ்விரு குழுக்களின் பகைமைக்கு நெடிய வரலாறு உண்டு. லிவர்பூல் துறைமுக நகரம். மான்செஸ்டர் பஞ்சாலை நகரம். இடைத்தொலைவு ஏறத்தாழ 30 மைல். மான்செஸ்டருக்கு வரும் பஞ்சு லிவர்பூலில் இறங்கியது. அதற்குரிய துறைமுகக் கட்டணத்தை மான்செஸ்டர் வணிகர் செலுத்த நேர்ந்தது. அச்சுமையைத் தவிர்க்க அவர்கள் 36 மைல் நீளமுள்ள கால்வாய் ஒன்றை வெட்டி, கடற்கப்பல்களை நேரே தம் நகருக்கு வரவழைத்தார்கள். அக்கால்வாய் திறக்கப்பட்ட ஆண்டு 1894. அதே ஆண்டில்தான் லிவர்பூல் குழுவும், நியூட்டன் ஹீத் என்று அந்நாளில் பெயர் கொண்டிருந்த இன்றைய யுனைடெட் குழுவும் முதன்முதலாக மோதின. லிவர்பூல் 2-0 என்று வென்று மேற்பிரிவுக்கு ஏறியது. நியூட்டன் ஹீத் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. ஒருவர் ஏற மற்றவர் இறங்குவது என்னும் இந்த நாடகம் அன்றே தொடங்கிவிட்டது.

இனி, அந்த மகிழ்ச்சியின் இயல்பைக் காண்போம். அயலார் ஆக்கம் கண்டு புழுங்குவதை நம் முன்னோர் அழுக்காறு என்றனர். அயலார் கேடு கண்டு மகிழ்வது அதன் மறுபக்கம். இதைக் குறிக்க ஜெர்மானிய மொழியில் ‘ஷாடன்ஃபிராய்ட’ என்று ஒரு தனிச்சொல் உண்டு. ‘ஷாடன்’ என்றால் கேடு, ‘ஃபிராய்ட’ என்றால் மகிழ்ச்சி. உளவியலார் பலர் இவ்வுணர்ச்சியை ஆராய்வதற்கு விளையாட்டு ஆதரவாளர்களையே நாடியுள்ளனர். 1998-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியில் ஜெர்மனி குரோஷியாவிடம் தோற்றது. அத்தோல்வியைக் குறித்து நெதர்லாந்து மாணவர்கள் எவ்வாறு உணர்ந்தனர் என்பதை லீச், ஸ்பியர்ஸ் முதலிய அறிஞர்கள் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டனர். கால்பந்தில் ஆர்வம் மிக்கவர்கள் மிகுதியாக மகிழ்ந்தனர் என்பது எதிர்பார்க்கத்தக்கதே. ஆனால், அவ்வளவு ஆர்வம் இல்லாதவரிடத்தும், தம் நாடு தாழ்ந்து நின்றதை நினைவூட்டியபோது அம்மகிழ்ச்சி பெருகக் கண்டனர்.

அதே அறிஞர்கள் பின்னர் செய்த ஆய்வுகளில் இது மேலும் தெளிவாயிற்று. எதிர்க் குழுவின் மீதுள்ள வெறுப்பைக் காட்டிலும், தம் குழு தாழ்ந்துவிட்டதே என்னும் வேதனையே இம்மகிழ்ச்சிக்கு வலிய ஊற்றாக இருக்கிறது. அக்டோபர் 4-ஆம் நாள் நிகழ்ச்சியை இவ்வொளியில் நோக்குக. யுனைடெட் அன்று மாலை வென்றிருந்தால், லிவர்பூலின் தோல்வி ஓர் இனிய செய்தியாக மட்டும் இருந்திருக்கும். தோற்றிருந்தமையால் அது மருந்தாகவே ஆயிற்று. எதிரியின் தோல்வியை எண்ணி நாம் உரக்கச் சிரிக்கும்போது, நம் உள்ளத்தின் நோவு எங்கே இருக்கிறது என்பதையும் ஊரறியச் சொல்லிவிடுகிறோம்.

பருவத்தின் தொடக்கத்தில் வரும் தோல்வி இத்துணைக் களிப்புக்குத் தகுதி உடையதுதானா? கணக்கிட்டுப் பார்ப்போம். ஏழு கோல் வாங்கித் தோற்றாலும், ஒரே கோலில் தோற்றாலும், இழப்பது மூன்று புள்ளிகளே. 38 ஆட்டங்களுள் நான்காவது ஆட்டத்தில் அவ்வாறு நேர்ந்தால், இன்னும் 34 ஆட்டங்கள் எஞ்சியிருக்கும். ஆனால் மனித மனம் அவ்வாறு கணக்கிடுவதில்லை. சில ஆட்டங்களே முடிந்த நிலையில் ஒவ்வொன்றும் மலைபோல் தோன்றுகிறது. ஒரு தோல்வியைக் கண்டதும் ஒரு பேரரசே சரிந்தது என்று தீர்ப்புரைத்து விடுகிறோம்.

அப்பருவம் எவ்வாறு முடிந்தது என்று பாருங்கள். ஆறு கோல் வாங்கிய யுனைடெட் 74 புள்ளிகளோடு இரண்டாம் இடம் பெற்றது. ஏழு கோல் வாங்கிய லிவர்பூல் 69 புள்ளிகளோடு மூன்றாம் இடம் பெற்றது. ஆறு அடித்த டாட்டன்ஹம் ஏழாவது. ஏழு அடித்த ஆஸ்டன் வில்லா பதினொன்றாவது. பட்டம் வென்றது யார்? மான்செஸ்டர் சிட்டி. அக்குழுவும் செப்டம்பர் 27-ஆம் நாள் தன் சொந்தத் திடலில் லெஸ்டர் குழுவிடம் 5-2 என்று தோற்றிருந்தது! அன்று அதை எள்ளி நகையாடியவர்களே அடுத்த மே மாதத்தில் அது கோப்பையைத் தூக்கக் கண்டனர். தொடக்கத் தோல்வியைக் கொண்டு முடிவைக் கணிப்பது, நாற்று நட்ட மறுநாளே விளைச்சலை அளப்பதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் இந்தச் சிரிப்பு தீயதா? விளையாட்டின் சுவையில் இதற்கும் ஒரு பங்குண்டு என்றே சொல்லலாம். இன்று நீ சிரிக்கிறாய், நாளை நான் சிரிப்பேன் என்னும் உடன்பாட்டின் மேல் நிற்கும் கேலி, நண்பர்களுக்கிடையே உறவை வளர்க்கவும் கூடும். கேடு விளைவது, ஆட்டத்தில் நேர்ந்த தோல்விக்கும் வாழ்க்கையில் நேர்ந்த துன்பத்திற்கும் உள்ள வேறுபாட்டை மறக்கும்போதுதான்.

1958-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், மியூனிக் நகரில் யுனைடெட் குழுவினர் சென்ற விமானம் விபத்துக்குள்ளாயிற்று. 23 பேர் மாண்டனர். அவர்களுள் 8 பேர் ஆட்டக்காரர்கள். 1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், ஷெஃபீல்டு நகரத்து ஹில்ஸ்பரோ திடலில் ஏற்பட்ட நெரிசலில் சிக்கி லிவர்பூல் ஆதரவாளர்கள் 97 பேர் உயிர் துறந்தனர். இவ்விரு துயரங்களையும் கேலிப்பாட்டாக்கி எதிர்த்தரப்பினரை நோகச் செய்யும் வழக்கம் ஒரு சிலரிடம் வேரூன்றியது. மியூனிக் விபத்தில் படுகாயமுற்றுப் பிழைத்த யுனைடெட் பயிற்சியாளர் மாட் பஸ்பி, தம் இளமையில் லிவர்பூல் குழுவுக்கு ஆடியவர் என்பதைப் பாடியவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்களா? 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரு குழுக்களின் பயிற்சியாளர்களான எரிக் டென் ஹாக், யூர்கன் கிளாப் ஆகியோர் ஒன்றுகூடி, இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு தத்தம் ஆதரவாளர்களை வேண்டிக்கொண்டனர்.

இவ்வேண்டுகோள் பயன்தரக் கூடியதே என்பதற்கு ஒரு சான்று உண்டு. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. யுனைடெட் ஆதரவாளர்களிடம் முதலில் அக்குழுவின் மீதுள்ள பற்றைக் குறித்து வினவினர். பின் அவர்கள் நடந்து செல்லும் வழியில், ஓடிவந்த ஒருவர் கால் இடறி விழுந்து, கணுக்காலைப் பற்றிக்கொண்டு துடிப்பதாக நடித்தார். அவர் யுனைடெட் சட்டை அணிந்திருந்தபோது ஏறக்குறைய அனைவரும் உதவினர். லிவர்பூல் சட்டை அணிந்திருந்தபோது பலர் கடந்து சென்றனர். மற்றொரு முறை, யுனைடெட்டைப் பற்றி வினவாமல், கால்பந்து ரசிகராய் இருப்பதன் இன்பத்தைப் பற்றி வினவினர். அப்போது லிவர்பூல் சட்டை அணிந்தவருக்கும் பெரும்பாலோர் உதவினர். ஆட்கள் மாறினரேயன்றி, அவர்கள் அனைவரும் யுனைடெட் ஆதரவாளர்களே. மாறியது அவர்கள் தம்மை யாரென்று நினைத்துக்கொண்டனர் என்பது ஒன்றே.

2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், லிவர்பூல் திடலில் இவ்விரு குழுக்களும் மோதின. அப்போது யுனைடெட்டில் இருந்த கிறிஸ்டியானோ ரொனால்டோ, பிறந்த குழந்தையை இழந்த துயரால் ஆட வரவில்லை. அவருடைய சட்டையின் எண் 7. ஏழாம் நிமிடத்தில் திடலில் இருந்த இரு தரப்பினரும் எழுந்து நின்று, ஒரு நிமிடம் கைதட்டி அத்தந்தைக்கு ஆறுதல் கூறினர். பின்னர் ஆட்டம் தொடர்ந்தது. லிவர்பூல் 4-0 என்று வென்றது. வென்றவர்கள் தோற்றவர்களைப் பார்த்து மனம்போலச் சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பில் குற்றம் இல்லை.

பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஆடும் இக்குழுக்களின் சட்டையை அணியும் மாணவர்கள் நம்மிடையேயும் உளர். எதிர்க் குழு தோற்ற செய்தி உங்கள் செவிக்கு எட்டும்போது தாராளமாகச் சிரியுங்கள். அடுத்த வாரம் உங்கள் முறை வரலாம் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். ஆனால் எதிரே நிற்பவன் விழுந்து துடிக்கும்போது, அவன் சட்டையின் நிறத்தைப் பாராமல் கை நீட்டுங்கள்.