அப்பத்தா வீடும் ஹோமும்

சிவகங்கை மாவட்டம் கல்லல் வட்டாரத்துக் கிராமங்களில் தகப்பன் செத்து, தாய் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டால், அடுத்த பேச்சு இதுதான்: "பிள்ளையை ஏதாவது ஹோம்ல சேத்துருவோம், வேளைக்குச் சோறாவது கெடைக்கும்." சொல்கிறவர் பெரும்பாலும் அப்பத்தா, இல்லையென்றால் தாய்மாமன். பாசம் இல்லாமல் சொல்வதில்லை. கையில் காசு இல்லாமல் சொல்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு நம் சீமையில் ஏறக்குறைய நூற்றைம்பது வயது.

தாது வருஷப் பஞ்சம் (1876–78) சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது தெருவில் நின்ற பிள்ளைகளை முதலில் அள்ளி எடுத்தவை கிறிஸ்தவ மிஷன்கள். திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்துக்கு 1876-இல் வந்த மர்காஷிஸ் ஐயர், அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியதோடு 1878-இல் தொழிற்பள்ளியும் தொடங்கினார். பசிக்குச் சோறு போட்டதோடு நிற்காமல் கையில் ஒரு தொழிலையும் கொடுத்தார். அதே 1876-இல் இங்கிலாந்தில் பர்னார்டோ என்பவர், லண்டனை அடுத்த பார்க்கிங்சைடில் பெண்குழந்தைகளுக்காக ஒரு கிராமத்தையே கட்டினார். ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடைப்பதை விட்டு, சின்னச் சின்ன வீடுகள், வீட்டுக்கு ஒரு தாய் என்று வைத்தார்.

அந்த வழியை நம் மண்ணுக்கு ஏற்றபடி ஒரு குக்கிராமத்தில் நடத்திக் காட்டியவர் ஏமி கார்மைக்கேல். அயர்லாந்துக்காரர், 1895-இல் இந்தியா வந்தவர். 1901 மார்ச்சில், கோயிலுக்குத் தேவதாசியாக விடப்பட இருந்த ஏழு வயதுச் சிறுமி தப்பி ஓடிவந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அதிலிருந்து பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். களக்காட்டுப் பக்கம், மலையடிவாரத்து டோனாவூரில் இல்லம் வளர்ந்தது. 1913-க்குள் 130 பிள்ளைகள். 1918 முதல் பையன்களும் சேர்ந்தார்கள்.

டோனாவூரில் என் மனம் அதிகம் நிற்பது பொன்னம்மாள் என்ற பெண்ணிடம். கைக்குழந்தைகளை வளர்ப்பது எத்தனை கடினம் என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நெய்யூரில் குழந்தைக் காப்பகம் வைத்தார்கள். அதைத் தாங்கியவர் பொன்னம்மாள். அங்கேயும் வயிற்றுக்கடுப்பில் பச்சைப் பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்தன. ஆனாலும் அவர் விட்டுப்போகவில்லை. 1915-இல் அவர் காலமானபின் ஏமி அவர் வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். இல்லங்களின் வரலாற்றில் நிறுவியவர் பெயர் நிற்கும். இரவு கண்விழித்தவர் பெயர் இப்படி நிற்பது அபூர்வம்.

டோனாவூரில் பிள்ளைகள் சிறு சிறு வீடுகளில் வளர்ந்தார்கள். வளர்ப்பவர்களுக்கு அக்காள், சித்தி, அண்ணாச்சி என்று உறவுப் பெயர்கள். ஏமிக்கு, அம்மா. பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு, வந்து சேர்ந்த நாளே திருநாள். அங்கே வளர்ந்த பெண்கள் பலர் தாங்களே அக்காள்கள் ஆனார்கள். இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகள் உறவோடும் பிறந்த சமயத்தோடும் இருந்த தொடர்பை இழந்தார்கள். அதனால் நீதிமன்றம் வரை போன வழக்கும் உண்டு. கொடுமையிலிருந்து மீட்ட பிள்ளைக்கு அந்தப் பிரிவு தேவையாக இருந்திருக்கலாம். வறுமையால் மட்டும் வந்த பிள்ளைக்கு அது எதற்கு?

நமக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இதே தேவதாசிச் சிறுமிகளுக்காகத்தான் சென்னையில் அவ்வை இல்லம் கண்டார். அவர் போராடிக் கேட்ட தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947-இல் வந்தது. அதற்கும் முன்பே, 1920-இல், குழந்தைகளுக்கென்று இந்தியாவில் முதலில் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம்தான்.

சட்டம் முந்தியது, கண்காணிப்பு பிந்தியது. சிற்றூர்களில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டி இல்லம் நடத்தலாம் என்ற நிலை வெகுகாலம் இருந்தது. மாமல்லபுரம் பகுதி இல்லங்களில் நடந்த கொடுமை பற்றிய பத்திரிகைச் செய்தியிலிருந்து எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2017 மே 5-இல் தீர்ப்பளித்தது: அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லா இல்லங்களும் பதிவாக வேண்டும். இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் நெறி.

முதல் வழி எது? பிள்ளை இருக்கும் வீட்டுக்கே பணம் தருவது. மத்திய அரசின் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமத்துக் குடும்பமானால் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விதவைத் தாயின் பிள்ளையும், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளையும் இதில் வருவார்கள். தமிழக அரசின் அன்புக்கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியது. 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய்.

யாருமே இல்லாத பிள்ளைக்கும், வீட்டிலேயே அடிபடும் பிள்ளைக்கும் நல்ல இல்லம் வேண்டும். அதுவும் டோனாவூர்போலச் சிறு வீடாக, பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட ஓர் அக்காளோடு. மற்றவர்களுக்கு அப்பத்தா வீடு போதும், அரிசிக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் வழி இருந்தால்.

உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், ஹோம் தேடும் முன் சிவகங்கைக்கு ஒரு நடை போங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுங்கள். அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாவிட்டால் நீங்கள் எழுதிக் கொடுங்கள். அவசரமென்றால் 1098-ஐ அழையுங்கள்.