இன இழிசொற்களுக்குப் பொதுவில் தடை தேவையா? ஒட்டியும் வெட்டியும் ஒரு விளக்கம்



இந்தத் தலைப்பை வகுப்பில் கொடுத்தால் பெரும்பாலான கட்டுரைகள் ஒரே மாதிரிதான் வருகின்றன. இழிசொல் ஒற்றுமையைக் குலைக்கும், ஆகவே தடை வேண்டும் என்று முதல் பத்தியிலேயே முடிவு சொல்லிவிடுகிறார்கள். பிறகு மூன்று பத்திக்கு அதையே சுற்றிச் சுற்றி எழுதுகிறார்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று யோசிப்பதே இல்லை. அந்தக் குறையை எப்படிச் சரிசெய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன், நான் கற்பித்த இடைநிலைப்பள்ளியின் திடலில் பந்து விளையாடும்போது ஒரு மாணவன் நம் பையன் ஒருவனைப் பார்த்து "கெலிங்" என்று கத்தினான். நம் பையன் ஓடிப்போய் ஓர் அறை விட்டான். அறைந்தவனுக்குக் கட்டொழுங்கு ஆசிரியர் தண்டனை கொடுத்தார். மறுநாள் அவன் என்னிடம் வந்து, "டீச்சர், நான் அடிச்சது தப்புதான். அவன் சொன்னதுக்கு மட்டும் ஒன்னும் இல்லையா?" என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவன் கேட்டதுதான் இந்தத் தலைப்பு.

இழிசொல் என்பது எது?

'கெலிங்' பிறக்கும்போதே இழிசொல்லாகப் பிறக்கவில்லை. கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. பழைய மலாய் இலக்கியமான 'செஜாரா மெலாயு'வில் தென்னிந்தியாவைக் குறிக்க இச்சொல் இயல்பாக வருகிறது. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அந்தப் பெயரோடுதான் நிற்கிறது. ஆனால் காலப்போக்கில் ஓர் இனத்தையே மட்டம் தட்டும் சொல்லாக அது மாறிவிட்டது. இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். சொல் ஒன்றுதான். பள்ளிவாசலின் பெயர்ப்பலகையில் அது வரலாறு. திடலில் ஒருவன் முகத்துக்கு நேரே கத்தும்போது அது வசை.

ஒட்டிப் பேசுவோரின் வாதங்கள்

முதலாவது, இழிசொல் ஒரு கருத்தே அன்று. "உங்கள் சமூகம் கல்வியில் பின்தங்கியுள்ளது" என்று ஒருவர் சொன்னால், கசந்தாலும் அது ஒரு கருத்து. சான்று காட்டி மறுக்கலாம். இழிசொல்லை எதைக் காட்டி மறுப்பது? கருத்துகள் மோதினால் உண்மை பிறக்கும் என்பதுதான் பேச்சுரிமையின் அடிப்படை. இழிசொல்லில் மோதுவதற்குக் கருத்தே இல்லையே!

இரண்டாவது, அது எதிரில் இருப்பவரின் பேச்சுரிமையைப் பறிக்கிறது. வகுப்பில் ஒருமுறை இழிசொல் கேட்ட மாணவன் அடுத்த முறை கை தூக்கத் தயங்குவான். ஒருவரின் சுதந்திரம் இன்னொருவரை ஊமையாக்கினால், மொத்தத்தில் பேச்சு குறைகிறது.

மூன்றாவது, பொது அமைதி. 1964இல் சிங்கப்பூரிலும் 1969 மே 13இல் கோலாலம்பூரிலும் நடந்த இனக்கலவரங்கள் நம் இரு நாடுகளின் சட்டங்களிலும் ஆழமான தடம் பதித்துள்ளன. வாய்ச்சொல் கைகலப்பாக மாற எத்தனை நிமிடம் ஆகும் என்பதை அந்தத் திடலிலேயே பார்த்தோம்.

வெட்டிப் பேசுவோரின் வாதங்கள்

முதலாவது, சொல்லைத் தடை செய்தால் இலக்கியமும் வரலாறும் சேர்ந்து அடிபடும். அப்துல்லா ஹுசேன் எழுதி 1971இல் வெளிவந்த 'இந்தர்லோக்' நாவல் 2011இல் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலானபோது, அதிலிருந்த 'பரியா' என்ற சொல்லுக்கு நம் சமூகம் கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. அந்த ஆண்டின் இறுதியில் நூல் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. மாணவர் கட்டாயம் படித்தாக வேண்டிய பாடநூலிலிருந்து ஒன்றை எடுப்பது வேறு. அந்த நூலே நாட்டில் இருக்கக்கூடாது என்பது வேறு. இந்த வேறுபாட்டை எழுதும் மாணவர்கள் மிகக் குறைவு.

இரண்டாவது, பாதிக்கப்பட்டவர்களே அந்தச் சொல்லை எடுத்து அதன் விஷத்தை முறிக்க விரும்பலாம். அமெரிக்காவில் ஆசிய வம்சாவளி இசைக்குழு ஒன்று, தங்கள் கண்களைக் கேலி செய்யும் 'ஸ்லாண்ட்ஸ்' என்ற சொல்லையே தன் பெயராக வைத்துக்கொண்டது. இழிவான பெயர் என்று சொல்லி வணிகமுத்திரை அலுவலகம் பதிய மறுத்தது. 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் குழுவின் பக்கம் தீர்ப்பளித்தது. தடை யாரைக் காப்பாற்ற வந்ததோ அவர்கள் மீதே பாய்ந்த கதை இது.

மூன்றாவது, எது இழிவு என்று யார் முடிவு செய்வது? சட்டத்தின் வலை அகலமானால் நியாயமான விமர்சனமும் அதில் சிக்கும். நம் நாட்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் 'புண்படுத்தும்' என்றிருந்த சொல் 2025இல் 'மிகக் கடுமையாகப் புண்படுத்தும்' என மாற்றப்பட்டது. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது சட்டம் எழுதுவோருக்கே சிக்கல்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது விதி குடிமக்களுக்குப் பேச்சுரிமை தருகிறது. பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அதைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் அதே விதி நாடாளுமன்றத்துக்கு வழங்குகிறது. அமைதி குலையும் என்று தெரிந்தே ஒருவரை வேண்டுமென்று அவமதிப்பது தண்டனைச் சட்டத்தின் 504ஆம் பிரிவின்படி குற்றம். கவனியுங்கள்: இந்தப் பிரிவில் சொற்பட்டியல் கிடையாது. அது பார்ப்பது நோக்கத்தையும் விளைவையும்.

சிங்கப்பூர் 2025இல் இன நல்லிணக்கத்துக்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றியது. கடுமை குறைந்த குற்றம் செய்தவர், வழக்குக்குப் பதிலாக, மற்ற இனத்தாரைப் புரிந்துகொள்ளும் சமூக நடவடிக்கைகளில் ஈடுபட அதில் வழி உண்டு.

நம் வாசலையும் பெருக்குவோம்

'பரியா' நம் மொழியிலிருந்துதான் போனது. பறை என்ற இசைக்கருவியின் பெயரிலிருந்து வந்த ஒரு சமூகத்தின் பெயரை நாமே வசையாக்கினோம். அது ஆங்கிலத்துக்கும் மலாய்க்கும் போய், தெருநாயைக் குறிக்கும் அளவுக்குத் தேய்ந்து, மறுபடி நம் முகத்திலேயே வந்து விழுந்தது. திடல் சம்பவம் நடந்த அதே மாதம், தமிழ் வகுப்பில் நம் பையன்கள் ஒருவனை அதே சாதிச் சொல்லால் கூப்பிட்டுச் சிரித்ததை நான் கேட்டேன். கண்டித்தபோது, "சும்மா வெளயாட்டுக்கு டீச்சர்" என்றார்கள். திடலில் கத்தியவனும் அதையேதான் சொன்னான்.

என் நிலைப்பாடு

சொல்லுக்குத் தடை வேண்டாம். செயலுக்குத் தடை வேண்டும். மூன்று கேள்வி கேளுங்கள்: யாரை நோக்கிச் சொன்னார்? எந்த இடத்தில்? எதற்காக? ஒரு மனிதரைக் குறிவைத்து, பொது இடத்தில், இழிவுபடுத்தவே சொன்னால் அதற்கு விளைவு இருக்க வேண்டும். ஆய்வு, இலக்கியம், வரலாறு, பாடம் ஆகியவற்றுக்கு விலக்கு இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நானே அச்சொற்களை எழுதியிருக்கிறேனே!

அந்தப் பையனுக்கு நான் தாமதமாகத்தான் பதில் சொன்னேன். "அடிச்சதுக்கு நீ பொறுப்பு, சொன்னதுக்கு அவன் பொறுப்பு. ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கணும்ப்பா." பிறகு கட்டொழுங்கு ஆசிரியரிடமும் அதையே சொன்னேன். இருவரையும் உட்காரவைத்துப் பேசினோம்.

மாணவர்களுக்கு

1. முன்னுரையில் 'இழிசொல்', 'பொதுவில்', 'தடை' ஆகிய மூன்றுக்கும் நீங்கள் கொள்ளும் பொருளைச் சொல்லுங்கள்.
2. எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எடுத்து மறுங்கள். வலுவில்லாததை மறுப்பதில் பயனில்லை.
3. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு சான்று போதும். அதை முழுமையாக விளக்குங்கள்.
4. முடிவுரையில் "ஒற்றுமையே பலம்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எதைத் தடுக்கலாம், எதைத் தடுக்கக்கூடாது என்று கோடு போட்டுக் காட்டுங்கள்.

ஆசிரியர்களே, விவாதம் தொடங்கும் முன் ஒரு வேலை செய்து பாருங்கள். 'நான் கேட்ட இழிசொல்' என்று ஒரு தாளிலும், 'நான் சொன்ன இழிசொல்' என்று இன்னொரு தாளிலும் பெயர் போடாமல் எழுதச் சொல்லுங்கள். முதல் தாள் சீக்கிரம் நிறைந்துவிடும். இரண்டாவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.